குளக்கட்டில் தொடங்கும் கலாநிதிப் பட்டம்: குடிசார் பொறியியலில் விரிவுரையாளராக விரும்பும் வன்னிப் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் முக்கால்வாசி பெற்றோருடையவை. "சிவில் எடுத்தால் ஆர்.டி.ஏயில வேலை வருமோ, இல்லாட்டிக் கட்டார் பக்கம் போகலாமோ?" ஆர்.டி.ஏ. என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. இதுதான் கேள்வி. அதில் பிழையில்லை, வீட்டுக் கடனும் தங்கச்சிமாரும் இருக்கிற வீடுகளில் அதுதான் முதலில் வரும். ஆனால் போன வருடம் விசுவமடுவிலிருந்து ஒரு பிள்ளை தானே எடுத்தாள். "சேர், கம்பஸில படிப்பிச்சுக்கொண்டு ஆராய்ச்சியும் செய்யிற ஆளா வரவேணும் எண்டா எங்கயிருந்து தொடங்கிறது?" அரை மணித்தியாலம் கதைத்தேன். போனை வைத்த பிறகுதான் பாதியைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. சொன்னதையும் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த வேலை என்ன வேலை?

தளத்தில் நிற்கிற பொறியியலாளரிடம் பாலத்தை எப்போது முடித்துத் தருவீர்கள் என்று கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் இருப்பவர், அந்தப் பாலம் ஏன் அந்த இடத்தில், அந்த அளவில், அந்தப் பொருளில் என்று கேட்கவேண்டியவர். கேட்டு, அளந்து, எழுதி, அடுத்த அணிக்குப் படிப்பிக்கவேண்டியவர். நிலைபேறான உட்கட்டமைப்பு என்பது இப்போது எல்லாத் திட்ட அறிக்கையிலும் வருகிற சொல். எனக்கு விளங்கிய வரையில் அதன் பொருள் இவ்வளவுதான்: வீதி, பாலம், குளம், குழாய்நீர், கட்டடம் எல்லாம் நெடுங்காலம் உழைக்கவேண்டும், கட்டும்போதும் பாவிக்கும்போதும் மண்ணையும் நீரையும் காற்றையும் குறைவாகக் கெடுக்கவேண்டும், பக்கத்தில் இருப்பவர் வயிற்றில் அடிக்கக்கூடாது.

மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் பாருங்கள். 34 அடியாக இருந்த குளத்தின் நீர்மட்டம் அண்மைய புனரமைப்பில் 36 அடியாக உயர்ந்தது. இரண்டு அடிதானே என்று தோன்றும். அந்த இரண்டடிக்காகக் குளக்கட்டின் உறுதியைத் திரும்பக் கணக்கிடவேண்டும், வான்கதவை (மிகை நீரைத் திறந்துவிடும் கதவை) இயக்குகிற விதியை மாற்றவேண்டும், அலைகரையில் எந்தக் காணி நீரில் போகும் என்று பார்க்கவேண்டும். அதே குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகலாம் என்று திட்டம் வந்தபோது, சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாது என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது; நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். கடல்நீரின் உப்பைப் பிரிக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும், பிரித்த செறிந்த உப்புநீர் கடலில் விழுகிற இடத்தில் என்ன நடக்கும், குளத்து நீரோடு ஒப்பிட்டால் ஒரு லீற்றரின் விலை என்ன? ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுத் தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லப் பொறியியலோடு ஊரும் தெரிந்திருக்கவேண்டும். வன்னிப் பிள்ளைக்கு இங்கேதான் ஒரு பிடி இருக்கிறது.

உள்ளே போகிற வழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருவார்கள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். அனுமதி இசட் புள்ளியில். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் உள்ளன. சலுகையில் வந்தோமே என்று கூசவேண்டாம். உள்ளே போனபின் எல்லோருக்கும் ஒரே பரீட்சைதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. முதல் அணி 2014இல் வந்தது. பேராதனை, மொறட்டுவை, றுகுணு, தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய இடங்களிலும் பொறியியல் பீடங்கள் உண்டு. எது நல்லது என்று கேட்பார்கள். மொறட்டுவையிலும் பேராதனையிலும் ஆய்வுகூடமும் பழைய மாணவர் வலையமைப்பும் பெரியவை. அறிவியல் நகரில் ஆய்வுக்குரிய களம் வாசலிலேயே கிடக்கிறது. நீங்கள் என்ன ஆளாக வரப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்த விடயம் இது.

இசட் புள்ளி காணாவிட்டால் கதவு மூடிவிடவில்லை. திறந்த பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பட்டம் படிக்கலாம். காலம் கூட எடுக்கும், வேலை செய்துகொண்டே முடித்தவர்கள் இருக்கிறார்கள். தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர்களுக்குப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது; கிளிநொச்சியிலேயே அதைப் படிக்கலாம். ஆனால் அது வேறு பட்டம். பொறியியல் பட்டத்துக்குரிய பதவிக்கு அதை வைத்து விண்ணப்பிக்க முடியுமா என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நாலு வருடம் முடிந்தபின் அதைத் தெரிந்துகொண்டு மனம் உடைந்த பெடியளைக் கண்டிருக்கிறேன்.

நாலு வருடத்தை எப்படிக் கழிப்பது

விரிவுரையாளர் பதவிக்கு முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சிறப்புப் பட்டம் வேண்டும். பல பீடங்களில் அதற்கான ஜி.பி.ஏ. (தரப் புள்ளிச் சராசரி) எல்லை முறையே 3.70, 3.30. இதைத் தெரிந்துகொண்டு முதல் தவணையிலேயே தொடங்கவேண்டும். பெரும்பாலும் முதலில் எல்லோருக்கும் பொதுப்பாடம், பிறகு பெற்ற புள்ளியின்படி துறை பிரியும். நம்முடைய பிள்ளைகள் சறுக்குவது அந்த முதல் வருடத்தில்தான். காரணம் கணக்கல்ல, மொழி. பன்னிரண்டு வருடம் "நெருக்கற் தகைப்பு" என்று படித்தவருக்கு ஒரே கிழமையில் எல்லாம் ஆங்கிலமாகிவிடும். விளங்கியதை எழுத ஏலாமல் நிற்பார்கள். நான் செய்தது இது: ஒரு சின்னக் கொப்பியில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், கீழே அதை வைத்து நானே எழுதிய ஒரு வசனம். மூன்று மாதத்தில் கொப்பி தேவைப்படவில்லை. கொஞ்சம் சிங்களமும் பழகுங்கள். அறிவியல் நகரில் தெற்கிலிருந்து வந்த மாணவர்களும் படிக்கிறார்கள். நாளைக்கு அவர்களுக்கும்தான் நீங்கள் படிப்பிக்கப்போகிறீர்கள்.

குடிசார் பொறியியலுக்குள்ளே கட்டமைப்பு, மண், நீர், போக்குவரத்து, சூழல், கட்டுமான முகாமைத்துவம் என்று கிளைகள் இருக்கின்றன. மூன்றாம் வருடம் முடியும்வரை எதையும் தூக்கி எறியவேண்டாம். நிலைபேறு பற்றிய ஆய்வு இரண்டு கிளை சந்திக்கும் இடத்தில்தான் அதிகம் நடக்கிறது.

இறுதி வருட ஆய்வு மட்டும் வேறு சங்கதி. அதை வெறும் பாடமாக நினைப்பவர்தான் கூட. உங்கள் கல்விப் பயணத்தின் முதற்படி அதுதான். நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் அந்த மேற்பார்வையாளர், முதற் கட்டுரை வரப்போவதும் அதிலிருந்துதான். மேற்பார்வையாளரைத் தெரிவுசெய்யும்போது புள்ளி போடுவதில் தாராளமானவரா என்று விசாரிக்காதீர்கள். எழுதிக் கொடுத்ததைத் திருத்தித் திருப்பித் தருபவரா என்று விசாரியுங்கள்.

என்னுடைய இறுதி வருட ஆய்வு மன்னார் மாவட்டத்து முருங்கன் களிமண் பற்றியது. ஓகஸ்ட் வெயிலில் பஸ்ஸில் போய், ஓர் ஆள் உயரக் கிடங்கு வெட்டி, மண்ணை உரச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். ஆய்வுகூடத்துக்கு அடுத்த கிழமை கொடுத்தேன். அதற்குள் சாக்கின் வாயால் ஈரமெல்லாம் போய், மண் கல்லாகிவிட்டது. இயற்கை ஈரப்பதன் என்று நான் எழுதிய எண், உண்மையில் ஒரு சாக்கின் ஈரப்பதன். மேற்பார்வையாளர் அந்த அத்தியாயத்தை அப்படியே கிழிக்கச் சொன்னார். திரும்பப் போய், இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, வாயை மெழுகால் அடைத்து, திகதியும் ஆழமும் எழுதிக் கொண்டுவந்தேன்.

கேள்வியைத் தேடிக்கொள்வது

புதிதாக வருபவர்களில் பலர் "ஏ.ஐ. வைத்து ஏதாவது செய்யலாமா சேர்" என்று வருகிறார்கள். செய்யலாம். ஆனால் அதே தலைப்பில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முருங்கன் களியைப் பற்றிக் கேட்க எத்தனை பேர்?

அதிலிருந்தே தொடங்குவோம். முருங்கன் பக்கத்துக் கருங்களி நீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் போட்ட வீதி அலை அலையாகும், வீட்டுச் சுவர் மூலைவிட்டமாகப் பிளக்கும். எவ்வளவு ஊதும் என்பதைக் கொழும்புக்கு அனுப்பாமலே பார்க்கலாம். 100 மில்லிலீற்றர் அளவுசாடி இரண்டு எடுங்கள். அடுப்பில் உலர்த்தி 425 மைக்ரோமீற்றர் அரிப்பால் அரித்த மண்ணில் 10 கிராம் ஒன்றில், 10 கிராம் மற்றதில். ஒன்றில் வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கிக் காற்றுக் குமிழியைப் போக்கி 24 மணித்தியாலம் விடுங்கள். மண்ணெண்ணெயில் களி ஊதாது. நீரில் நிற்கும் கனவளவுக்கும் மண்ணெண்ணெயில் நிற்கும் கனவளவுக்கும் உள்ள வித்தியாசத்தை, மண்ணெண்ணெயில் உள்ள கனவளவால் பிரித்து நூறால் பெருக்கினால் சுயாதீன ஊதல் சுட்டி. இந்தியத் தர நியமத்தில் உள்ள சோதனை இது. பள்ளிக்கூட விஞ்ஞான கூடத்திலேயே செய்யலாம்.

அதே முருங்கன் களிதான் ஒருகாலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போனது. சுண்ணக்கல் அங்கே, களி இங்கேயிருந்து. சீமெந்தாக அரைக்கப்படும் சுட்ட கட்டிதான் கிளிங்கர். ஒரு தொன் கிளிங்கர் செய்ய 0.8 முதல் 0.9 தொன் வரை காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல, சுண்ணக்கல் சூட்டில் பிரிவதால் வருவது. ஆகவே கிளிங்கரைக் குறைக்காமல் சீமெந்தைப் பசுமையாக்க முடியாது. இப்போது உலகம் பேசுகிற ஒரு கலவையில் கிளிங்கர் 50 வீதம், சுட்ட களி 30, சுண்ணக்கல் 15, ஜிப்சம் 5. சுவிற்சர்லாந்து, கியூபா, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து வளர்த்தது; காபன் வெளியேற்றத்தை 40 வீதம்வரை குறைக்கும் என்கிறார்கள். அதற்குக் களியில் கயோலினைற்று 40 வீதமளவில் இருப்பது விரும்பத்தக்கது. ஊதுகிற களியில் இருப்பது பெரும்பாலும் வேறு கனிமம். அப்படியானால் வன்னியில் எந்த இடத்துக் களி பொருந்தும்? இதை வரைபடமாகக் கொண்டுவருகிறவருக்கு உலகத்தில் எங்கேயும் ஆய்வுகூடக் கதவு திறக்கும்.

பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலைகளுக்குப் பின்னால் குவிந்து கிடக்கிற உமி இன்னொன்று. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொன்று உமி. எரித்தால் உமியில் ஐந்திலொன்று சாம்பல். ஒரு தொன் நெல்லுக்குக் கிட்டத்தட்ட 40 கிலோ. அந்தச் சாம்பலில் 85 வீதத்துக்கு மேல் சிலிக்கா. ஆனால் எப்படி எரித்தீர்கள் என்பதில்தான் விடயமே இருக்கிறது. 700 பாகைக்குக் கீழே கட்டுப்பாடாக எரித்தால் சீமெந்தோடு தாக்கமுறும் சிலிக்கா. கண்டபடி கொதிக்க விட்டால் பளிங்காகிச் சும்மா மண் மாதிரிக் கிடக்கும். ஆலை அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொங்கிறீற்றில் போட்டுவிட்டு வலிமை வரவில்லை என்று எழுதிய அறிக்கைகளை வாசித்துச் சலித்துவிட்டேன். அடுப்பை ஆராயுங்கள், பிறகு கொங்கிறீற்றுக்கு வாருங்கள்.

தண்ணீர்ப் பக்கம் போனால் முடிவே இல்லை. 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சும் குளங்கள் சிறு குளங்கள். கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். ஒன்றின் வான் பாயும் நீர் அடுத்ததன் வரத்து. ஆனால் கோப்புகள் இரண்டு அலுவலகத்தில். மேலே உள்ள சிறு குளம் உடைந்தால் கீழே உள்ள பெரிய குளத்துக்கு எத்தனை மணித்தியாலத்தில் எவ்வளவு நீர் வந்து சேரும்? வான், துருசு, மதகு வடிவமைக்க நம் பொறியியலாளர்கள் இன்றும் புரட்டுவது நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பொன்ராஜா 1984இல் எழுதிய கைநூலை. அருமையான வேலை. ஆனால் அதற்குப் பிறகு நாற்பது வருட மழை பெய்துவிட்டது. அந்தக் கைநூலின் மழைச்செறிவு வளைகோடுகள் இன்றைக்கும் பொருந்துமா என்று வன்னி நிலையங்களின் தரவை வைத்துப் பார்ப்பதே ஒரு முதுமாணி ஆய்வு. ஆறுமுகம் என்ற இன்னொரு நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1950களில் வரைந்த திட்டமும் வாசிக்கவேண்டியது. கனகராயன் ஆறு வந்து சேருகிற ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக்குக் கொண்டுபோவது அவருடைய எண்ணம். முழுமையாக நிறைவேறவில்லை. எதனால் என்று தேடிப் பார்த்தாலே திட்டமிடல் பற்றிப் பாதி படித்த மாதிரி.

வேறும் கிடக்கின்றன: ஆற்று மணல் அள்ளல், கிரவல் வீதியின் புழுதி, பனையோலைக் கூரை போன வீடுகளின் வெக்கை, வட்டுவாகல் பாலம் மாதிரிக் கடல்நீரேரிக்குக் குறுக்கே நிற்கிற பழைய ஒடுங்கிய பாலங்கள்.

களத்துக்குப் போகும்போது ஒன்று. துளை போடவோ கிடங்கு வெட்டவோ முதல், அந்த இடம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். முகமாலைப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். வெள்ளம் ஓடிய இடத்தில் பழையவை இடம்மாறி வரலாம். அடையாளம் தெரியாத பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து அறிவியுங்கள். குளத்தில் அளப்பதென்றால் கமக்கார அமைப்புத் தலைவரிடம் முதலில் சொல்லிவிட்டுப் போங்கள். அனுமதி என்பதைவிட மரியாதை. அவர் சொல்லும் வெள்ளக் கதைகளில் வருடமும் உயரமும் இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள்.

காசில்லாத கருவிகள்

ஆய்வுகூடம் சின்னது, மென்பொருளுக்குக் காசில்லை என்ற சாட்டு இப்போது செல்லாது. வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ். ஆற்று வெள்ளத்துக்கு அமெரிக்க இராணுவப் பொறியியல் பிரிவின் ஹெக்-ராஸ், ஹெக்-எச்எம்எஸ். குழாய்நீர் வலையமைப்புக்கு எபாநெற். ஒரு பொருளின் வாழ்க்கை வட்டச் சூழல் தாக்கத்துக்கு ஓப்பன்எல்சிஏ. எல்லாம் இலவசம். மழைக்கு, 1981இலிருந்து செய்மதியையும் நிலையத்தையும் சேர்த்துக் கணித்த சேர்ப்ஸ் தரவு. பைதன் மொழியில் ஒரு அட்டவணையை வாசித்து ஒரு வரைபு போடும் அளவுக்குப் பழகினால் தொடக்கத்துக்குப் போதும்.

பயிற்சி ஒன்று தருகிறேன். 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடு வான்கதவுகள் நேரத்துக்குத் திறக்கப்பட்டனவா என்று பிறகு பெரிய சர்ச்சையே நடந்தது. அந்த நாட்களை ஒட்டி சென்ரினல்-1 செய்மதி எடுத்த ரேடார்ப் படங்களைத் தேடி இறக்குங்கள். ரேடார் முகிலை ஊடுருவும். அசையாத நீர் கறுப்பாகத் தெரியும். முதல் வந்த படத்தையும் பிந்திய படத்தையும் ஒப்பிட்டு, புதிதாகக் கறுத்த இடத்தைக் குறியுங்கள். மார்கழியில் காலபோக வயலில் இயல்பாகவே நிற்கிற நீரும் கறுப்பாகத் தெரியும் என்பதால் முதற் படம் இல்லாமல் எதையும் வெள்ளம் என்று சொல்லக்கூடாது. பிறகு படத்தை அச்செடுத்துக்கொண்டு கண்டாவளைப் பக்கம் நாலு வீட்டுக்குப் போய், சுவரில் நீர் நின்ற உயரத்தை மடக்கு அளவுகோலால் அளந்து வாருங்கள். படமும் சுவரும் ஒத்துப்போகாத இடத்தில்தான் ஆய்வு தொடங்குகிறது.

பட்டம் முடித்த மறுநாள்

நல்ல வகுப்பில் சித்தியடைந்தவர்களைப் பீடங்கள் போதனாசிரியராகவோ தற்காலிக விரிவுரையாளராகவோ எடுப்பதுண்டு. ஒப்பந்த வேலை, காசு பெரிதாக இராது. ஆனாலும் ஒரு வருடம் செய்யச் சொல்லுவேன். படிப்பிக்க விருப்பமா என்பது ஆய்வுகூடத்தில் இருபது பேருக்குக் கொங்கிறீற்றுச் சிலிண்டர் உடைத்துக் காட்டும்போது தெரிந்துவிடும். விருப்பமில்லை என்று தெரிந்தாலும் நட்டமில்லை.

நிரந்தரப் படிக்கட்டு இப்படிப் போகும்: தகுதிகாண் விரிவுரையாளர், பிறகு சிரேஷ்ட விரிவுரையாளர் இரண்டாம் தரம், முதலாம் தரம், பேராசிரியர். தகுதிகாண் நிலையில் சேர்ந்தவர் குறித்த காலத்துக்குள் ஆய்வுடன் கூடிய உயர்பட்டம் எடுத்தால்தான் மேலே போகலாம். வெற்றிடங்கள் பத்திரிகையிலும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும் வரும். நேர்முகத்தில் சிறு விரிவுரை ஒன்றும் நடத்தச் சொல்லக்கூடும். சம்பளத்தோடு கற்கை விடுமுறையில் வெளிநாடு போனால் பிணைமுறி எழுதவேண்டும்: திரும்பி வந்து இத்தனை வருடம் சேவை, இல்லாவிட்டால் பணம். பிணை நிற்கிறவர் பெரும்பாலும் மாமாவோ அப்பாவின் சிநேகிதரோ. கையெழுத்து வைக்க முதல் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள், அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வீட்டில் இதனால் உறவு முறிந்தது என்று எனக்குத் தெரியும்.

தொழில் தகைமையையும் விடவேண்டாம். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொறியியலாளராகத் தொழில் செய்பவர் பொறியியற் பேரவையில் பதியவேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் பட்டயப் பொறியியலாளர் தகைமை இருந்தால், திணைக்களங்களோடு ஆலோசகராக உட்காரும்போது மேசையில் உங்கள் சொல்லுக்குக் கனம் கூடும்.

வெளியே போய் உயர்பட்டம்

நான் செய்த முட்டாள்வேலையை முதலில் சொல்கிறேன். ஒரே மின்னஞ்சலை 60 பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். "மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கள் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும்." இரண்டு பதில் வந்தது. ஒன்று தானியங்கிப் பதில். மற்றதில், நான் வேறொருவரின் பெயரைப் போட்டிருந்ததைச் சுட்டிக் காட்டியிருந்தார்.

பிறகு எட்டுப் பேருக்கு மட்டும் எழுதினேன். ஒவ்வொருவரின் அண்மைய கட்டுரை ஒன்றை முழுமையாக வாசித்தேன். கடிதத்தில் நாலே பந்தி. நான் யார், என்ன வகுப்பு என்பது இரண்டு வரியில். உங்கள் கட்டுரையில் இந்த இடத்தில் இந்த மண்ணுக்கு இப்படி வந்தது, எங்கள் களியில் நான் அளந்தபோது வேறுமாதிரி வந்தது, காரணம் இதுவா என்று கேட்கிறேன் என ஒரு பந்தி. கூடவே என்னுடைய ஒரே ஒரு வரைபு. இந்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா, நிதி உண்டா என்று நேரடியாக ஒரு வரி. சுயவிபரம் இணைப்பில். மூவர் பதில் போட்டனர். முருங்கன் மண் அங்கே எனக்காகக் கதைத்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சொந்தக் காசில் கலாநிதிப் பட்டத்துக்குப் போகாதீர்கள், காணி விற்றும் போகாதீர்கள். பொறியியலில் நிதியோடு எடுப்பதுதான் வழமை. நோர்வே, சுவீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் அது சம்பளம் தரும் வேலை. வெற்றிட விளம்பரம் போடுவார்கள். அமெரிக்காவில் ஆய்வு உதவியாளராக அல்லது கற்பித்தல் உதவியாளராக எடுத்துக் கட்டணத்தையும் பார்த்துக்கொள்வார்கள். விண்ணப்ப முடிவுத் திகதி பெரும்பாலும் டிசம்பரில் வரும், படிப்பு அடுத்த ஓகஸ்டில். யப்பான் அரசின் மொன்புகககுஷோ புலமைப்பரிசில் 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு. தூதரகம் வழியாகவும் பல்கலைக்கழகம் வழியாகவும் போகலாம். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் முதுமாணியில் இரண்டு மூன்று நாட்டில் மாறி மாறிப் படிக்கலாம். பாங்கொக்குக்கு அருகே 1959இலிருந்து இயங்கும் ஆசிய தொழில்நுட்ப நிறுவகம் நம் காலநிலைக்கும் மண்ணுக்கும் கிட்டிய இடம். நீர் மட்டும்தான் உங்கள் துறை என்றால் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து நீர்க்கல்வி நிறுவனத்தையும் பாருங்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே கணக்குப் பார்த்து எழுதுங்கள். போகாமல் மொறட்டுவையிலோ பேராதனையிலோ முதுதத்துவமாணி செய்வதும் மரியாதையான வழிதான், களம் இங்கேயே இருக்கிறவருக்கு இன்னும் வசதி.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆறு கிழமைக்கு முன் கேளுங்கள். "சேர், நாளைக்குக் கடைசி நாள்" என்று வருகிறவருக்கு நாளைக்குரிய கடிதம்தான் கிடைக்கும்.

முதற் கட்டுரை

உங்கள் பெயர் எங்காவது அச்சில் வந்ததும் புகழ்ச்சி மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். "மாண்புமிகு கலாநிதி" என்று இளமாணி மாணவரை அழைக்கும், மூன்று நாளில் ஏற்கிறோம் என்று சொல்லும், பிறகு டொலரில் காசு கேட்கும். நானும் ஒருமுறை கட்டினேன், இரண்டு மாதச் சம்பளம். அந்தக் கட்டுரையை இப்போது என் சுயவிபரத்தில் போடுவதில்லை. மேற்பார்வையாளருக்குக் காட்டாமல் எந்தச் சஞ்சிகைக்கும் அனுப்பவேண்டாம். கண்டியில் 2010இலிருந்து நடந்துவரும் நிலைபேறான கட்டடச் சூழல் மாநாடு முதற் கட்டுரைக்கு நல்ல இடம். கேள்வி கேட்பார்கள், முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லலாம், பஸ்ஸிலேயே போய்வரலாம். கட்டுரையில் கமக்காரரிடம் பெற்ற தகவல் இருந்தால், நன்றி கூறும் பகுதியில் அந்த அமைப்பின் பெயரையும் போடுங்கள். அச்சானதும் ஒரு பிரதியைத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்தமுறை அலைகரையில் கருவி வைக்கும்போது அதைக் காவல் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

இந்த மாரிக்குள் செய்யக்கூடியது

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறவர்கள் கேட்கிறார்கள், இப்போதைக்கு என்ன செய்யலாம் என்று. பக்கம் நேராக உள்ள ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகுங்கள். அடியில் மட்டமாகும் வரை சீமெந்துக் குழம்பு ஊற்றுங்கள், அந்த மட்டத்திலிருந்து மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டுங்கள். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், தெறிக்கிற நீர் விழாத உயரத்தில் கம்பில் கட்டுங்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு வாசியுங்கள், வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்துக்குத்தான் நாள் மழையைக் கணக்கெடுக்கிறது. வாசித்ததும் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மழை இல்லாத நாளிலும் திகதியை எழுதி 0 போடுங்கள். வாசிக்காமல் விட்ட நாளுக்கு 0 போடாதீர்கள், கோடு கீறுங்கள். ஏன் விட்டது என்று பக்கத்தில் ஒரு சொல். பக்கத்துக் குளம் வான் பாயத் தொடங்கிய நேரமும் தெரிந்தால் அதே வரியில் எழுதுங்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு அறிவியல் நகருக்கு வாருங்கள். குடிசார் பொறியியல் துறையில் யாரிடம் காட்டுவது என்று வாசலில் கேட்டாலே சொல்லுவார்கள்.